ஆடிக்கு முன்னால் இனச்சேவல் தேர்வு: டோங்காட் வீட்டுப் பட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கத்தில், கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வீடு. அறுபதைத் தாண்டிய தம்பதி. பின்கட்டில் மாமர நிழலில் கம்பிவலைப் பட்டி, பன்னிரண்டு பதின்மூன்று பெட்டைகள், ஒன்றோ இரண்டோ சேவல்கள். இனம் பொச்சஃப்ஸ்ட்ரூம் கூக்கூக். 1950களில் பொச்சஃப்ஸ்ட்ரூம் வேளாண்மைக் கல்லூரியில் மாராய்ஸ் என்பவர் கருப்பு ஆஸ்ட்ரலார்ப், வெள்ளை லெகார்ன் முதலிய இனங்களைக் கலந்து உருவாக்கிய தென்னாப்பிரிக்கக் கோழி இது. உடல் முழுக்கக் கருப்பும் வெள்ளையுமான வரி, ஒற்றைக் கொண்டை, மஞ்சள் தோல், பழுப்பு முட்டை. வளர்ந்த சேவல் 3 முதல் 4 கிலோ, பெட்டை 2.5 முதல் 3.5 கிலோ. முட்டைக்கும் கறிக்கும் பட்டியிலேயே குஞ்சு பொரிக்கவும் ஏற்ற கோழி என்பதால் வீட்டு வளர்ப்பில் இதை விட்டுக்கொடுக்கப் பலருக்கு மனம் வராது.

2018ல் நல்ல வளர்ப்பாளர் ஒருவரிடம் வாங்கிய கோழிகளில் தொடங்கிய பட்டி. அன்று வந்த சேவல் 3.6 கிலோ என்று வீட்டுக்காரர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். 2023 குளிர்காலத்தில் அதே தராசில் நின்ற இனச்சேவல், அதாவது குஞ்சுகளுக்குத் தகப்பனாக நிறுத்திய சேவல், 2.9 கிலோ.

இந்த வீட்டின் ஆண்டுச் சுற்று காலண்டரோடு ஒட்டியது. புரட்டாசியில் வீட்டில் முட்டையும் இல்லை, கறியும் இல்லை. வாடிக்கையாளர்களிலும் பாதிப்பேர் வாங்குவதில்லை. தேங்கும் முட்டை இன்குபேட்டருக்குப் போகும். இங்கே அது வசந்த காலம் என்பதால் பொரிப்புக்கும் தோதான பருவம். அக்டோபரில் பொரிந்த சேவல்கள் அடுத்த ஆண்டு ஆடியில், மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நேரத்தில், ஒன்பது மாதத்துச் சேவலாக விலைக்கு நிற்கும். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு நேரே பட்டிக்கு வருவார்கள்.

“அண்ணா, அந்த மூலையில நிக்கிற பெரிசப் பிடிங்க. கொண்டை நல்லா சிவப்பா இருக்கணும்.”

சாமிக்குக் கொடுப்பதில் குறை இருக்கக் கூடாது. ஆகவே கொண்டை நிமிர்ந்தது, நெஞ்சு அகன்றது, கால் நேரானது எல்லாம் முதல் வாரத்திலேயே போய்விடும். ஆடி முடிந்து கூண்டில் மிஞ்சியதில் ஒன்று அடுத்த ஆண்டின் தகப்பன். ஐந்து ஆண்டுகளாக இதுதான் நடந்திருக்கிறது. சேவலைத் தேர்ந்தெடுத்தவர்கள் வாங்க வந்தவர்கள்தான். அவர்கள் தேர்ந்ததெல்லாம் குழம்பானது, அவர்கள் வேண்டாம் என்றது இனச்சேவலானது. வீட்டுக்காரர் தீனியை மாற்றிப் பார்த்தார், பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார். கோழி சிறுத்துக்கொண்டே வந்ததற்கான காரணம் விற்கும் வரிசையில் இருந்தது.

2023 செப்டம்பர்–அக்டோபர்: பொரிப்பில் கண்டது

அந்த ஆண்டு பட்டியில் இரண்டு சேவல்கள். ஒன்று ஆடியில் மிஞ்சிய 2.9 கிலோச் சேவல். மற்றது 2022ல் பொரிந்தது, வரி அடர்த்தியாக, கருப்பு எடுப்பாகத் தெரிவது. அதன் நிறம் வீட்டுக்காரருக்குப் பிடித்துப்போய், கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தார்.

அறுபது முட்டை, முப்பது முப்பதாக இரண்டு தடவை வைக்கப்பட்டன. பத்தாம் நாள் விளக்கு வைத்துப் பார்த்ததில் 46 கருக்கட்டியவை, மற்றவை கூமுட்டை. பொரிந்தது 33. கருக்கட்டியும் பொரியாத பதின்மூன்றில் ஏறக்குறைய பாதி கடைசி மூன்று நாளில் ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. நெருங்கிய உறவுக்குள் மீண்டும் மீண்டும் இணை சேர்ந்த பட்டியில் இப்படி வருவதுண்டு. ஈரப்பதம் தவறினாலும் இதே மாதிரி வரும் என்பதால் இதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டவில்லை.

தெளிவான சாட்சி குஞ்சுகளின் தலையில் இருந்தது. கூக்கூக் குஞ்சு கருப்புத் தூவியோடு பிறக்கும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும். ஆண் குஞ்சுக்குப் பெரிய, விளிம்பு கலைந்த பொட்டு. பெண்ணுக்குச் சிறிய, இறுக்கமான பொட்டு. 33ல் 12க்குப் பெரிய பொட்டு, 17க்குச் சிறிய பொட்டு, 4க்குப் பொட்டே இல்லை. அந்த நான்கும் பின்னால் முழுக் கருப்பு விடைக்கோழிகளாக வளர்ந்தன. ஏழாவது வாரத்தில் கொண்டை சிவக்கத் தொடங்கியபோது, சிறிய பொட்டோடு பிறந்த 17ல் 5 சேவலாகி நின்றன. அவற்றின் இறகு பெட்டையின் இறகைப் போலக் கருத்திருந்தது.

காரணம் வரி மரபணு இருக்கும் இடம். அது பாலினக் குரோமோசோமான இசட்டில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்று. சுத்தமான கூக்கூக் சேவலில் வரி மரபணு இரண்டு பிரதி இருப்பதால் வெள்ளை வரி அகன்று, மொத்தத்தில் வெளிர் சாம்பலாகத் தெரியும். பெட்டையில் ஒரே பிரதி என்பதால் கருமை கூடும். பெட்டையைப் போலக் கருத்த வரியுள்ள சேவல் என்றால் அதில் ஒரு பிரதிதான் இருக்கிறது. பெற்றோரில் ஒருபக்கம் வரியில்லாத கோழி புகுந்திருக்கிறது. மகள் தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்து மட்டுமே பெறுகிறாள். அதனால் ஒற்றைப் பிரதிச் சேவலுக்குப் பிறக்கும் மகள்களில் பாதி வரியே இல்லாமல் கருப்பாக வரும்.

விசாரித்தபோது வீட்டம்மா சொன்னார்: 2021ல் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கருப்பு ஆஸ்ட்ரலார்ப் பெட்டை வாங்கினார், பெரிய முட்டை இடும், 2023 ஆடிக்கு முன்பே செத்துவிட்டது. வீட்டுக்காரருக்குப் பிடித்த அடர்நிறச் சேவல் அதன் மகன். அதைப் பிடித்துக் கவிழ்த்து உள்ளங்காலைப் பார்த்தபோது இன்னொரு அடையாளமும் கிடைத்தது: உள்ளங்கால் வெளுப்பு. கூக்கூக்குக்கு அது மஞ்சளாக இருக்க வேண்டும். மஞ்சள் தோல் பின்தங்கும் பண்பு, வெள்ளைத் தோல் ஓங்கும் பண்பு; ஆஸ்ட்ரலார்ப்பின் வெள்ளைத் தோல் ஒரே தலைமுறையில் மேலே வந்து நிற்கும்.

வெளியிலிருந்து வாங்காமல் உள்ளேயே தேடியது ஏன்

ஒரு நல்ல சேவலை வெளியிலிருந்து வாங்கி வந்தால் தீராதா என்பது வீட்டுக்காரரின் முதல் கேள்வி. சாதாரண ஆண்டாக இருந்தால் அதுவே சரியான வழி. ஆனால் 2023 செப்டம்பர், அக்டோபரில் எச்7என்6 பறவைக்காய்ச்சல் முக்கியமாகக் கௌடெங், ம்பூமலாங்கா மாகாணங்களின் பெரிய முட்டைப் பண்ணைகளில் பரவி, கோழிகள் மில்லியன் கணக்கில் அழிக்கப்பட்டுக் கடைகளில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்த நேரம் அது. அந்த நிலையில் தெரியாத பட்டியிலிருந்து உயிர்க்கோழியைக் கொண்டுவருவது உள்ளதையும் இழக்கும் வேலை. ஆகவே கையில் உள்ள குஞ்சுகளுக்குள்ளேயே மூன்று சேவல்களை எடுப்பது என்று முடிவானது.

ஏன் மூன்று? ஒரு சேவலும் பன்னிரண்டு பெட்டையும் என்றால், மரபுக் கணக்கில் அந்தப் பட்டியின் பயனுள்ள எண்ணிக்கை, அதாவது அடுத்த தலைமுறைக்கு மரபைக் கொடுப்பதில் அது எத்தனை கோழிக்குச் சமம் என்பது, 3.7தான் (நான்கு பெருக்கல் சேவல் பெருக்கல் பெட்டை, அதை மொத்தத் தலைகளால் வகுக்க வேண்டும்). தலைமுறைக்கு 13.5 சதவீதம் உள்ளுறவு (சொந்தத்துக்குள் இணைசேர்வதன் அளவு) கூடும். மூன்று சேவல் என்றால் எண்ணிக்கை 9.6, கூடுதல் 5.2 சதவீதம். மூன்றுக்கு மேல் வைக்கத் தீனியும் இடமும் ஒத்துவரவில்லை. விடியற்காலைக் கூவலை அக்கம்பக்கத்தார் தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு.

எட்டாவது வாரம்: முதல் கழிப்பு

ஐந்தாவது வாரம் ரத்தக் கழிச்சலில் ஒரு சேவல் குஞ்சு போனது. பன்னிரண்டும் ஐந்துமான பதினேழில் மிச்சம் 16. எட்டாவது வாரம், டிசம்பர் நடுவில், கண்ணுக்குத் தெரியும் குறைகளை மட்டும் பார்த்தோம். மாறு அலகு (மேலலகும் கீழலகும் பொருந்தாதது) ஒன்று, வளைந்த விரல் இரண்டு. வளைந்த விரலுக்குப் பிறவி மட்டும் காரணம் அல்ல: இன்குபேட்டர் சூடு கூடினாலும், குஞ்சு வழுக்கும் செய்தித்தாள் மேல் வளர்ந்தாலும், தீனியில் ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) குறைந்தாலும் விரல் கோணும். ஒரே தடவைப் பொரிப்பில் நிறையக் குஞ்சுகளுக்கு வந்தால் வளர்ப்பில் தவறு என்று கொள்ளலாம். இங்கே இரண்டும் தனித்தனித் தடவையில் வந்தன. பெட்டையில் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம், அதன் பிள்ளைகள் சில. ஆண்டுக்கு நாற்பது ஐம்பது குஞ்சுக்குத் தகப்பனாகப் போகும் சேவலில் சந்தேகத்தின் பலன் கொடுப்பதற்கில்லை. மூன்றும் கழிந்தன.

இந்த வயதில் செய்யக் கூடாதது, எடுப்பான கொண்டையைப் பார்த்து மயங்குவது. எட்டு வாரத்தில் கொண்டை பெரிதாகச் சிவந்தால் அது சீக்கிரம் பருவத்துக்கு வருகிறது என்று அர்த்தம். உடல் பெரிதாகும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

தீனியிலும் ஒரு மாற்றம். இந்த வீட்டில் எட்டு வாரத்துக்குப் பிறகு உடைத்த மீலிஸ் (மக்காச்சோளம்) மட்டுமே போடுவது வழக்கம். வெறும் சோளத்தில் புரதம் போதாது. எல்லாச் சேவலும் ஒரே மாதிரி மெலிந்து நின்றால் எது எதைவிட மேல் என்று பிரித்தறிய முடியாது. இருபது வாரம் வரை குரோயர் தீனி (வளரும் கோழிக்கான தீனி) தொடர்ந்தது, மீலிஸ் மாலையில் ஒரு கைப்பிடி மட்டும்.

பத்தொன்பதாவது வாரம்: கையில் எடுத்துப் பார்த்தது

பதினாறாவது வாரத்தில், பிப்ரவரி முதல் வாரம் என்று வைத்திருந்த நாள் மூன்று வாரம் தள்ளிப்போனது. கரையோரக் கோடையில் கொசு பெருகி, பட்டியில் கோழி அம்மை வந்து, கொண்டையிலும் தாடையிலும் கருப்புப் பொருக்கு. பொருக்கு உள்ள கொண்டையை வைத்துக் கொண்டையின் வடிவத்தைத் தீர்மானிக்க முடியாது. பொருக்கு உதிர்ந்த பிறகே பார்த்தோம். அம்மைத் தழும்புக்காக எதையும் கழிக்கவில்லை. சீக்கிரம் தேறியவை எவை என்று மட்டும் குறித்து வைத்தோம்.

பிடிக்கும் முறை: முந்தைய இரவு இருட்டியபின் படுக்கைக் கம்பிலிருந்து எடுத்துக் கூடையில் அடைப்பது, காலையில் தீனி காட்டுவதற்கு முன் எடை போடுவது. தீனிப்பை நிறைந்த சேவலையும் வெறும் வயிற்றுச் சேவலையும் ஒரே தராசில் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். தொங்கு தராசில் வாளியை மாட்டி, சேவலைத் தலை கீழே போகும்படி விட்டால் அது அசையாமல் நிற்கும்.

13 சேவல்களில் 4 அடர்நிறம். அவை முதலில் ஒதுக்கப்பட்டன. எடையில் நடுத்தரம், உடம்பில் குறை ஏதுமில்லை. ஆனால் ஒற்றைப் பிரதி என்பது உறுதி, மகள்களில் பாதி கருப்பாகவே வரும். வீட்டுக்காரருக்கு இதுதான் மிகவும் வலித்தது. நிறத்தில் பார்க்க இவைதான் பட்டியிலேயே அழகு.

மிச்சம் 9 வெளிர்நிறச் சேவல்கள், 1.6 முதல் 2.2 கிலோ. இவற்றிலும் அடர்நிறச் சேவலின் பிள்ளைகள் இருக்கும்: அதன் மகன்களில் பாதிக்கு வரி மரபணு இரண்டும் சேர்ந்து கிடைத்து வெளிராகப் பிறந்திருப்பார்கள். உள்ளங்காலைப் பார்த்ததில் இரண்டு வெளுப்பு. மற்ற ஏழு மஞ்சள். ஆனால் அதன் பிள்ளைகளில் பாதிக்கு மஞ்சள் காலும் வரும் என்பதால், நிறத்திலும் காலிலும் சுத்தமாகத் தெரிந்து, கால் பங்கு ஆஸ்ட்ரலார்ப் ரத்தத்தோடு ஏழுக்குள் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கலாம். அதைத் தேடிப் பிடிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். கூக்கூக்கை உருவாக்கியதே ஆஸ்ட்ரலார்ப் ரத்தம்தான். ஐந்து ஆண்டாகச் சொந்தத்துக்குள்ளேயே சுற்றிவந்த பட்டிக்குக் கொஞ்சம் புது ரத்தம் நல்லதே செய்யும். இனத்தின் முத்திரையான வரியையும் மஞ்சள் தோலையும் காப்பாற்றினால் போதும். வெளுப்புக் கால் இரண்டும் கழிந்தன.

பிறகு ஒவ்வொன்றாகக் கையில். இடது கையில் சேவலை ஏந்தி, வலது கட்டைவிரலை நெஞ்செலும்பின் நுனியிலிருந்து பின்பக்கம் வரை ஓட்டுவது: நேராக, நீளமாக, இருபுறமும் சதை நிறைந்து இருக்க வேண்டும். உள்ளங்கையை முதுகில் வைத்தால் தோளில் இருந்த அகலம் இடுப்புவரை குறையாமல் வர வேண்டும். பின்னால் ஒடுங்கினால் அதன் மகள்களுக்கு முட்டைக்கு இடமில்லை. சிறகை விசிறியாக விரித்து முதன்மை இறகு பத்தையும் எண்ணி, முதன்மைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவே இடைவெளி விழுகிறதா என்று பார்ப்பது. ஒன்றுக்கு அப்படிப் பிளவுச் சிறகு, மடக்கி வைத்தால் தெரியவே தெரியாது. இன்னொன்றுக்குக் கொண்டையின் பக்கவாட்டில் பட்டாணி அளவில் கூடுதல் முனை. கூட்டத்தில் நடக்கும்போது தெரிந்த குறை ஒன்று: வால் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. காற்று அடித்தோ திரும்பியோ சாய்வது வேறு. எந்தப் பக்கம் ஓடவிட்டாலும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது முதுகெலும்பின் பிறவிக் கோணல். மூன்றும் கழிந்து நான்கு எஞ்சின.

கண்ணையும் பார்த்தோம். செம்பழுப்பு நிறத்தில், கருவிழி வட்டமாக இருக்க வேண்டும். சாம்பல் படிந்து கருவிழி ஒழுங்கற்றுப் போயிருந்தால் கோழிகளுக்கு வரும் மாரெக் என்ற வைரஸ் நோயின் சந்தேகம். இங்கே யாருக்கும் இல்லை.

பத்தொன்பது முதல் இருபத்தெட்டு வாரம்: குணமும் வளர்ச்சியும்

நான்கில் மூன்றுக்கு இடம், ஒன்று கையிருப்பு. அவசரப்படவில்லை. முதல் எடையில் 2.2 கிலோவோடு முதலில் நின்றது பன்னிரண்டு வாரத்திலேயே கூவத் தொடங்கிய சேவல். 24வது வாரத்தில் 2.5 கிலோவில் அது தேங்கியது, 1.8ல் தொடங்கிய இரண்டு அதைத் தாண்டி 2.7க்கு வந்தன. மெதுவாக வளரும் நாட்டு உருவக் கோழிகளில் இது அடிக்கடி நடக்கும். ஒரே எடையில் தீர்ப்பு எழுதினால் சீக்கிரம் பருவமடைவதையே தேர்ந்தெடுத்துக்கொண்டு போவோம். தலைமுறைக்குத் தலைமுறை உடல் சுருங்கும்.

குணத்துக்கு எளிய சோதனை. தீனி வாளியோடு சேவலை நோக்கி நேராக நடப்பது, கையை வீசாமல். நல்ல சேவல் இரண்டடி விலகி, கண்ணை எடுக்காமல் நிற்கும். சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நெருங்கினாலோ காலில் பாய்ந்தாலோ குறித்துக்கொள்ள வேண்டும். இதை வீட்டுக்காரர் செய்தால் மட்டும் போதாது: தினமும் முட்டை எடுப்பவர் வீட்டம்மா, வார இறுதியில் வருவது பேரப்பிள்ளைகள். ஆளைத் தாக்கும் குணம் பிள்ளைகளுக்கும் இறங்கும். நான்கும் தேறின. ஒன்று மட்டும் மீலிஸ் போட்டால் தானே விழுங்கியது. மற்ற மூன்றும் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிட்டு, அவை தின்ற பிறகே குனிந்தன. சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பெட்டைகள் ஓடி ஒளியாமல் நிற்பது இப்படிப்பட்ட சேவலிடம்தான்.

மே–ஜூன் 2024: கருக்கட்டும் சோதனை

மார்ச் கடைசியில் பழைய சேவல்கள் இரண்டும் வெளியேறின. பெட்டையின் உடலில் விந்து இரண்டு மூன்று வாரம் தங்கும். ஆகவே இடைவெளி விடாமல் புதுச் சேவலைச் சோதித்தால் பழையதன் வேலைக்குப் புதியது பெயர் வாங்கும். நான்கு வாரம் சேவல் இல்லாமல் விட்டு, பன்னிரண்டு பெட்டைகளை நான்கு நான்காக மூன்று கூண்டில் பிரித்தோம். ஒவ்வொரு கூண்டிலிருந்தும் பன்னிரண்டு முட்டை. எட்டாம் நாள் விளக்குப் பரிசோதனை. குளிர்காலத்தில் முட்டை குறைவு என்பதால் சேர்க்க நாளானது.

முதல் சேவலுக்கு 11, இரண்டாவதுக்கு 10, மூன்றாவதுக்கு 4. மூன்றாவதுதான் நால்வரில் உருவம் சிறந்தது: 2.7 கிலோ, அகன்ற முதுகு, ஆறு முனைக் கொண்டை. பெட்டையை மிதிப்பதும் குறைவில்லை. மலவாயைச் சுற்றி இறகு அடர்த்தியாக இருந்தால் மிதித்தும் பலன் இருக்காது என்பதால் அந்த இறகைக் கத்தரித்து இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதித்தோம். 5. அதற்கு மேல் காரணம் தேடவில்லை. உருவம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பன்னிரண்டில் ஐந்து கட்டும் சேவல் அடுத்த தலைமுறைக்கு உதவாது. கையிருப்புச் சேவல், அந்த மீலிஸை விழுங்கும் சேவல், அதன் இடத்துக்கு வந்தது. அதற்கு 10.

இதே காலத்தில் வேறொரு தொந்தரவு. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை இருந்தால் சரி; நான்கே பெட்டை என்றபோது மிதிபட்டு மிதிபட்டு இரண்டாவது கூண்டில் முதுகு இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது. சேவலின் முள் நுனியை அரம் போட்டு மழுக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் சேவலைத் தனியாக வைத்ததில் ஆறியது. கருக்கட்டல் குறையவில்லை.

ஜூலை–ஆகஸ்ட் 2024: ஆடி

தேர்ந்த மூன்றுக்கும் காலில் சிவப்பு வளையம். ஆடி பிறப்பதற்கு முன்பே அவற்றின் கூண்டுகள் வீட்டின் மறுபக்கம் மாறின. விற்பனைக்கு இருந்தவை மட்டும் வாசல் பக்கம். கழிக்கப்பட்ட அடர்நிறச் சேவல்களும், உருவம் சிறந்த அந்த மூன்றாவதும் அதில் உண்டு. சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் பார்ப்பது உருவமும் ஆரோக்கியமும். வரி மரபணுவும் கருக்கட்டலும் அவர்களுக்குக் குறையே இல்லை. எல்லாம் 250 ராண்டுக்குக் குறையாமல் விற்றன. கூவலைக் கேட்டு மறுபக்கம் போன ஒருவர் இரண்டாவது சேவலுக்கு 400 ராண்ட் தருவதாகச் சொன்னார்.

“ஆயா, நேர்ந்துக்கிட்டேன். மனசு வைங்க.”

“முன்னால ஏழு நிக்குது தம்பி, எதை வேணாலும் எடுத்துக்கோ. சிவப்பு வளையம் போட்டது குடுக்கிறதில்ல.”

ஐந்து ஆண்டில் முதல்முறையாகப் பட்டியின் சிறந்த சேவல்கள் ஆடிக்குப் பிறகும் பட்டியில் இருந்தன.

விளைவு

2024 புரட்டாசியில் மறுபடி அறுபது முட்டை, கூண்டுக்கு இருபது. கருக்கட்டியது 53, பொரிந்தது 45. பொட்டில்லாத குஞ்சு ஒன்றுகூட இல்லை. வளைந்த விரல் ஒன்று, மாறு அலகும் சாய்ந்த வாலும் இல்லை. முதல் எடையில் சேவல்களின் சராசரி 1.8லிருந்து 1.95 கிலோவுக்கு வந்தது.

இந்த எண்களை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பொரிப்பு உயர்ந்ததில் பெரும்பங்கு கருக்கட்டாத சேவலை நீக்கியதற்கும், இரண்டு ஆண்டு முன்பு புகுந்த ஆஸ்ட்ரலார்ப் ரத்தத்துக்கும் போக வாய்ப்புண்டு. இந்த முறை அம்மை வராததால் எடையும் தடைப்படவில்லை. கருப்புக் குஞ்சு நின்றதை மட்டும் சேவல் தேர்வின் பலன் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

குஞ்சுகளுக்குப் பிறந்த அன்றே விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வில் துளையிட வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து நான்கு சவ்வு, 16 வகை அடையாளம் கிடைக்கும். இந்த முறை எது எந்தச் சேவலின் பிள்ளை என்று ஊகித்தே பெரும்பாலான முடிவுகளை எடுக்க வேண்டியிருந்தது.

கோழி அம்மைத் தடுப்பூசியைச் சிறகுச் சவ்வில் கொசுக்காலம் தொடங்குமுன், நவம்பருக்குள் போட வேண்டும். மாரெக் தடுப்பூசி ஆயிரம் கோழி அளவுக் குப்பியில்தான் கிடைக்கிறது, பிறந்த அன்றே போட வேண்டும். பக்கத்து வளர்ப்பாளர்களோடு பொரிப்பு நாளை ஒன்றாக வைத்துக் குப்பியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பெட்டைகள் பக்கம் இந்த முறை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சேவலின் தாய் எத்தனை முட்டை இட்டாள், எத்தனை கிராம் இட்டாள் என்பது தெரியாமல் தேர்ந்தெடுத்தால் கறிக்கோழிதான் மேம்படும். கூக்கூக் முட்டை 55 கிராம் அளவில் இருக்க வேண்டும். பொரிக்க வைக்கும் முன் ஒவ்வொரு முட்டையையும் சமையல் தராசில் நிறுத்து, 50க்குக் குறைந்ததை ஒதுக்குவது என்று வீட்டம்மா இப்போதே தொடங்கிவிட்டார்.

2025லிருந்து கூண்டுகளுக்கு நிறம்: மஞ்சள், பச்சை, நீலம். மகள்கள் தாயின் கூண்டிலேயே இருப்பார்கள். தேர்ந்த மகன்கள் மஞ்சளிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து நீலத்துக்கும், நீலத்திலிருந்து மஞ்சளுக்கும் போவார்கள். கூண்டுக்கு ஒரு சேவல் கையிருப்பு, கருக்கட்டும் சோதனை முடியும்வரை. வாசல் பக்கக் கூண்டு ஜூலை முதல் தேதி திறக்கும், சிவப்பு வளையம் ஜூன் கடைசிக்குள் காலில் ஏறியிருக்க வேண்டும்.